திதி தெரியாத மரணம்

சுரங்கம் இடிந்து மடிந்தவனுக்கு ஒரு நாள் உண்டு. அன்று சங்கு ஊதியிருக்கும். பெண்கள் கைவேலையைப் போட்டது போட்டபடி சுரங்க வாயிலுக்கு ஓடியிருப்பார்கள். மறுநாள் பத்திரிகை எண்ணிக்கை சொல்லியிருக்கும். வருஷம் திரும்பும்போது திதி தானே வந்து வாசலில் நிற்கும். அதே சுரங்கத்தில், இடியாத பாறையின் கீழ், இருபது வருஷம் துளைபோட்டுச் சம்பளம் வாங்கி, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, கணக்குத் தீர்த்துக்கொண்டு ஊர் திரும்பி, திண்ணையில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே மூச்சுக்குப் போராடி ஒருநாள் அடங்கிப்போனவன் எந்த நாளில் கொல்லப்பட்டான் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அவன் இறந்த திதி குடும்பத்துக்குத் தெரியும். மரணம் அவனுக்குள் புகுந்த திதி எவருக்கும் தெரியாது. இந்த இரண்டு திதிகளுக்கும் நடுவே கிடக்கும் நீண்ட வெளியைப் பற்றிய ஒரு சஞ்சலம் நெடுநாளாக என் மனத்தில் இருந்துவருகிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2016ஆம் ஆண்டுக்கென்று போட்ட கணக்கில், வேலைத்தலத்தில் காயம்பட்டு இறந்தவர்கள் ஏறக்குறைய 3,60,000 பேர். அங்குள்ள தூசியையும் புகையையும் ஆவியையும் சுவாசித்து, மூச்சுக்குழல்கள் அடைபட்டு, நாள்பட்ட நோயாளிகளாக இறந்தவர்கள் 4,50,000 பேர். இடிந்த சுரங்கங்களும் வெடித்த கொதிகலன்களும் சரிந்த சாரங்களும் எல்லாம் சேர்ந்து கொண்டுபோன உயிர்களைவிட, சந்தடியில்லாமல் இந்த ஒரு நோய் கொண்டுபோன உயிர்கள் அதிகம் என்று அர்த்தம். ஆஸ்பெஸ்டாஸ் இழையால் வருஷந்தோறும் இறக்கிற இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் சேராத தனிக் கணக்கு. இவ்வளவு பெரிய சாவுக்கு உலகம் இவ்வளவு சிறிய துக்கம் கொண்டாடுவது எப்படிச் சாத்தியமாகிறது?

தூசி என்றால் நாம் கண்ணால் காண்பதைத்தான் நினைக்கிறோம். வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும்போது அதில் மிதப்பது, மேஜைமேல் விரலால் கோடு கிழிக்கக்கூடியது, தும்மலை வரவழைப்பது, இவையெல்லாம் பெரும்பாலும் மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடுகிற ஸ்தூலமான தூசிகள். கொல்லுகிற தூசி சூட்சுமமானது. தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்கும் இராதது. அது பறப்பதைக் காண முடியாது, படிவதை உணர முடியாது, அது தும்மலும் தருவதில்லை. பாறையை உடைக்கும்போதும் குடையும்போதும் அறுக்கும்போதும் பிறக்கிற படிகச் சிலிகாவின் அத்தகைய துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை இறங்கிவிடுகிறது. அங்கே காவலிருக்கும் உயிரணுக்கள், எந்த அந்நிய வஸ்துவையும் விழுங்கிக் கரைப்பதையே தொழிலாகக் கொண்டவை, அதையும் விழுங்குகின்றன. கரைக்க முடியாமல் தாமே மடிகின்றன. மடிந்த அணுவிலிருந்து வெளிப்பட்ட துகளை விழுங்க அடுத்த அணு வருகிறது, அதுவும் மடிகிறது. இந்த ஓயாத மடிவின் தழும்பாக நார்த்திசு முடிச்சு முடிச்சாகத் திரண்டு, விரிந்து சுருங்கவேண்டிய நுரையீரலைச் சிறிது சிறிதாக இறுக்கிவிடுகிறது. ஒருவன் வேலையை விட்டு நின்றுவிட்டாலும் அந்த இறுக்கம் நிற்பதில்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் கலங்கச் செய்கிற விஷயம். ஆலை மூடப்பட்டு, முதலாளி காலமாகி, இயந்திரங்கள் பழைய இரும்பாக விற்கப்பட்ட பின்னும், அந்த ஆலையின் வேலை அவன் மார்புக்குள் நடந்துகொண்டே இருக்கிறது. பஞ்சாலைத் தூசி தருகிற நோய் ஒன்றுதான் ஆரம்பத்தில் நாள் சொல்லி வரும்: ஞாயிறு ஓய்வு கழிந்து திங்கட்கிழமை உள்ளே நுழைந்ததும் மார்பு இறுகும், வாரத்தின் நடுவில் தளர்ந்துவிடும். விடுமுறைச் சோம்பல் என்று அவனும் மேஸ்திரியும் சேர்ந்து அதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். பிறகு செவ்வாயும் இறுகும், புதனும் இறுகும், கடைசியில் எல்லாக் கிழமையும் ஒன்றாகி, அந்த ஒரே அடையாளமும் அழிந்துபோகும்.

இது அண்மையில் கண்டறியப்பட்ட விஷயமாக இருந்தால் மனத்துக்கு ஓர் ஆறுதல் இருக்கும். அறியாமையின் காலத்தில் நடந்தவற்றை மன்னிப்பது சுலபம். ஆனால் 1556இல் வெளியான தம் சுரங்க நூலில் அக்ரிகோலா என்ற ஜெர்மானியப் பண்டிதர், கார்பாத்திய மலைச் சுரங்கப் பிரதேசத்தில் ஏழு கணவர்களை மணந்து எழுவரையும் க்ஷயத்துக்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததாக எழுதிவைத்தார். அந்த ஏழு பேரின் வேலைக்கோ நுரையீரலுக்கோ கணக்கு வைத்தவர் எவருமில்லை. ஒரு பெண்ணின் வைதவ்யத்தில்தான் அந்தக் கணக்கு நின்றிருக்கிறது. எழுவரில் கடைசியாக வந்தவனுக்கு, தனக்கு முன் ஆறு பேர் போனது தெரியாமலா இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். தெரிந்தும் வந்தான் என்றால் அந்த மலையில் பிழைப்புக்கு வேறு வழி இருக்கவில்லை என்றுதான் கொள்ளவேண்டும். அடுத்த நூற்றாண்டில் கல்தச்சரின் சடலத்தை அறுத்துப் பார்த்த வைத்தியர்கள் நுரையீரலில் கத்தி மணலில் இடறியதைக் குறித்தார்கள். 1700இல் இத்தாலியின் மொதேனா நகரத்துப் பேராசிரியர் பெர்னார்தினோ ராமாஸ்ஸீனி, தொழிலாளரின் நோய்களைப் பற்றியே ஒரு முழு நூல் செய்தார். தம் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்தவன் அத்தனை அவசரமாக வேலை செய்வதைக் கண்டு, ஏனென்று கேட்டதில் தொடங்கியதாம் அவருடைய விசாரம். ஏழையின் வீட்டுக்குப் போகிற வைத்தியர் உடனே நாடி பார்க்கத் தொடங்காமல், முக்காலியானாலும் அதில் சற்று உட்கார்ந்து, பண்டைய வைத்தியர்கள் விதித்த கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக் கேட்கவேண்டும் என்றார் அவர்: நீ என்ன தொழில் செய்கிறாய்? முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. நம் ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயர், வயது, பால், வியாதி எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது. தொழிலுக்கு இடமிருந்தாலும் அங்கே 'கூலி' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எந்தக் கூலி, எந்தக் கல், எத்தனை வருஷம் என்பதை எழுத அந்தக் கட்டம் போதாது.

தேதியுள்ள மரணமும் தேதியில்லாத மரணமும் நம் நினைவில் எவ்வளவு வேறான இடங்களைப் பெறுகின்றன என்பதற்கு, ஒரே கம்பெனியின் சரித்திரத்திலேயே இரண்டு அத்தியாயங்கள் உண்டு. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு விடிவதற்குள் போபாலில் விஷவாயு கசிந்து நடந்ததை அறியாதவர் இந்த நாட்டில் இல்லை. யூனியன் கார்பைடு என்ற பெயரே நமக்கு அந்த இரவின் பெயர். அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னால், 1930இல், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், காலி பிரிட்ஜ் என்ற ஊரருகே, ஹாக்ஸ் நெஸ்ட் என்னுமிடத்தில், ஆற்று நீரைத் திருப்பி மின்சாரம் எடுப்பதற்காக அதே கம்பெனிக்காக மலையை ஏறக்குறைய மூன்று மைல் நீளத்துக்குக் குடைந்தார்கள். பொருளாதார வீழ்ச்சியின் நாட்கள். வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவரே உள்ளே இறங்கியவர்களில் பெரும்பான்மை. மலையின் பாறை பெரும்பகுதி சுத்தமான சிலிகாவாக இருந்தது. உலோகத் தொழிலுக்கு அது தேவைப்பட்டதால் வெட்டி எடுத்ததை ஆலைக்கும் அனுப்பினார்கள். துளைக்கும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சினால் தூசி அடங்கும் என்பது அன்று எல்லாரும் அறிந்ததே. தண்ணீர் பாய்ச்சினால் வேலை மெதுவாகும் என்பதும் அறிந்ததே. உலர்ந்த பாறையை உலர்ந்தபடியே துளைத்தார்கள். அங்கே இருபது வருஷக் காத்திருப்புக்கூட வேண்டியிருக்கவில்லை. சில மாதம் உழைத்தவர்கள் ஓரிரு வருஷத்தில் மடிந்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணையில் 476 சாவு என்றார்கள். 1986இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி நூல் 764 என்று மதிப்பிட்டது. இத்தனைக்கும் அந்த மலைக்கு ஓர் இரவு இல்லை. ஊர் ஊராகப் பிரிந்து போய், நிமோனியா என்றும் க்ஷயம் என்றும் வேறு வேறு பெயரில் இறந்துபோனவர்களுக்கு ஒரு பொதுவான விடியற்காலை வாய்க்கவில்லை. அதே மாநிலத்தில் 1968 நவம்பரில் ஃபார்மிங்டன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 78 பேர் இறந்தார்கள்; தேசம் அதிர்ந்தது; அதை அடுத்துக் கரிநுரையீரல் நோயாளிகளுக்காகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்; 1969இல் சுரங்கக் காற்றின் தூசிக்கு வரம்பு கட்டிய சட்டம் பிறந்தது. தூசியால் தலைமுறை தலைமுறையாக மாண்டவர்கள் தங்களுக்காகச் சட்டம் கேட்பதற்கு, வெடித்து மாண்ட 78 பேரின் குரலை இரவல் வாங்க வேண்டியிருந்தது.

நமக்கு நெருக்கமான சுரங்கம் கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய பூமி அது. சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போயிருந்தார்கள். தங்கம் அங்கே தனியாகக் கிடைக்கவில்லை. வெங்கச்சங்கல்லின் நரம்புகளுக்குள் இழையோடிக் கிடந்தது. கல்லை மாவாக்கினால்தான் பொன் கிடைக்கும், கல்லை மாவாக்கினால்தான் நோயும் கிடைக்கும். 1880களிலேயே ஆங்கிலக் கம்பெனி அங்கே வேலையைத் தொடங்கிவிட்டது. ஆனால் சிலிகோசிஸ் என்ற இந்தச் சிலிகா நோயின் முதல் இந்தியப் பதிவு என்று மருத்துவ நூல்கள் காட்டுவது கோலாரிலிருந்து 1947இல் வெளிவந்த அறிக்கையைத்தான். ஆயிரக்கணக்கான தொழிலாளரை வைத்தியர்கள் பரிசோதித்ததில் ஐந்தில் இருவருக்கும் மேல் நோய் இருந்தது. முதல் நோயாளி 1947இலா பிறந்தான்? அறுபது ஆண்டுக்காலம் இருமி இருமி ஊர் திரும்பியவர்கள், 'மைன்ஸுக்குப் போனவர், நெஞ்சு போய்விட்டது' என்று உறவினர் வாயால் சொல்லப்பட்டவர்கள், பெயரும் எண்ணிக்கையும் இல்லாமல் அந்த ஆண்டுக்கு முன்னால் நிற்கிறார்கள். பாறை வெடித்துச் சிதறும் விபத்துகளைக் கோலார் மக்கள் இன்றும் கதைகதையாகச் சொல்வார்கள். யார் இறந்தார், எந்த ஷிப்டு, எந்தத் தளம் என்பது வரை ஞாபகம் இருக்கும். நெஞ்சு போனவர்களைப் பற்றிக் கேட்டால் அந்தக் கதைக்குத் தொடக்கம் கிடைப்பதில்லை. 2001இல் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. மண்மேடுகள் மட்டும் குன்றுகளாக நிற்க, காற்றுக்காலத்தில் ஊர்மேல் தூசி இறங்குகிறது.

சட்டம் இல்லாமலில்லை. 1923ஆம் ஆண்டின் நஷ்ட ஈட்டுச் சட்டமும் 1948இன் தொழிற்சாலைச் சட்டமும் இந்த நோயின் பெயரைத் தம் அட்டவணையில் வைத்திருந்தன. ஆனால் சட்டம் சாட்சியம் கேட்கும். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதிகளிலிருந்து, வயலில் வேலையில்லாத மாதங்களில், குஜராத்தின் கோத்ரா பக்கத்துக் கல்மாவு ஆலைகளுக்குப் பழங்குடி இளைஞர்களும் பெண்களும் கூலிக்குப் போனார்கள். கண்ணாடித் தொழிலுக்காகக் குவார்ட்ஸைப் பொடியாக்கும் இடங்கள் அவை. சில மாதம் அங்கே மூட்டை கட்டியவர்கள் ஊருக்குத் திரும்பிச் சில வருஷங்களில் வரிசையாக இறந்தார்கள். காசநோய் என்று மருந்து கொடுக்கப்பட்டது; சிலிகா படிந்த நுரையீரலைக் காசமும் சுலபமாகப் பற்றும் என்பதால் அதில் பாதி உண்மையும் இருந்திருக்கலாம்; அந்தப் பாதி உண்மைதான் மீதிப் பாதியை மறைத்தது. அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? வருகைப் பதிவு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, அடையாள அட்டை இல்லை. நோய் உண்டென்பதற்கு மார்பே சாட்சி சொன்னாலும் வேலை உண்டென்பதற்குக் காகிதம் சாட்சி சொல்லவேண்டும். 2010இல் தேசிய மனித உரிமை ஆணையம், இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலைக்கு 3 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிற்று. குஜராத் அரசு அதைக் கொடுத்தே தீரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2016 ஆகியிருந்தது. இந்த விவரங்களைப் படிக்கையில் என் மனம் திரும்பத் திரும்ப ஒன்றையே பற்றுகிறது: கூலிக்குத் தேதி இருந்தது, குறித்த நாளில் அது கைக்கு வந்தது. கணக்குப் பிள்ளைக்குத் தான் கொடுத்த பணம் தெரிந்திருந்தது, வாங்கிய கை தெரியாமற் போயிற்று.

இது ஏழை நாடுகளின், பழைய தொழில்களின் துரதிருஷ்டம் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. புதிய ஜீன்ஸ் பல வருஷம் உடுத்தியதுபோல வெளுத்துத் தோன்றவேண்டும் என்று உலகம் ஒரு காலத்தில் விரும்பிற்று. அதற்காகத் துருக்கியின் சிறு பட்டறைகளில், ஜன்னல் அடைத்த அறைகளில், துணிமேல் மணலைக் காற்றோடு பீச்சியடித்தார்கள். வாலிபர்கள் இறக்கத் தொடங்கிய பின், 2009இல் துருக்கி அதைத் தடை செய்தது. உடுத்தாமலே பழசான துணிக்காக, வாழாமலே முதுமையின் மூச்சைப் பெற்றவர்கள் அவர்கள். சமையல் மேடைக்கென்று பளபளக்கும் செயற்கைக் கற்பலகைகள் வந்தன. இயற்கைக் கல்லைவிடச் சிலிகா அதில் மிகுதி, பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இருப்பதுண்டு. அதை அறுத்துப் பொருத்தியவர்கள் முப்பது நாற்பது வயதில் மாற்று நுரையீரலுக்குக் காத்திருக்கும் நிலை வந்ததும், 2024 ஜூலை முதல் ஆஸ்திரேலியா அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. மாமல்லபுரத்துக் கற்பட்டறைகளின் பக்கம் போகிறவர்களுக்கு அந்தச் சாலையின் சத்தம் தெரியும். உளியும் சுத்தியலும் எழுப்புகிற நிதானமான தாளத்தின்மேல் அறுக்கும் இயந்திரத்தின் கூச்சல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அங்கே ஒரு பட்டறையில், ஓலைப்பந்தலின் கீழ், நந்தியின் திமிலை வழவழப்பாக்கிக்கொண்டிருந்த ஒரு வாலிபரை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். புருவமும் கண்ணிமை மயிரும் வெளுத்திருந்தன. வேர்வை வழிந்த இடங்களில் மட்டும் கழுத்தில் கறுப்புக் கோடுகள். இயந்திரத்தை நிறுத்தியபோது, "முகத்தில் துணி கட்டிக்கொள்ளக் கூடாதா, தம்பி?" என்று கேட்டேன். "கட்டினா மூச்சு முட்டுது ஐயா. மத்தியானம் வரைக்கும் தாங்காது" என்றார். மூச்சு முட்டாமலிருக்க அவர் துணியை அவிழ்த்திருக்கிறார். துணி தடுக்கக்கூடியதும் கண்ணுக்குத் தெரிகிற தூசியை மட்டுந்தான். அவருக்கு வேண்டியது அறுக்கும் வட்டின்மேல் இடைவிடாமல் விழுகிற தண்ணீர். உளியால் கொத்தும்போது கல் பெரும்பாலும் சில்லாகத் தெறித்துக் காலடியில் விழுகிறது. இயந்திரம் அதே கல்லைப் புகையாக்குகிறது. சிற்ப சாஸ்திரம் எழுதியவர்கள் இந்தப் புகையை அறியார்கள்.

அவரே விரும்பித்தானே செய்கிறார் என்ற ஆட்சேபத்தை நான் லேசாகத் தள்ள விரும்பவில்லை. பிழைப்பையும் கலையையும் ஒருவர் தாமே தேர்ந்துகொள்ளும்போது, வெளியே நிற்பவன் அவருக்காகப் பயப்படுவதில் ஒருவகை அகம்பாவம்கூட இருக்கலாம். ஆனால் தேர்வு என்பதற்கு இரண்டு பக்கமும் கண்ணெதிரே இருக்கவேண்டும். இங்கே ஒரு பக்கம் இன்றைய கூலி, பிரத்யட்சம்; மறுபக்கம் பதினைந்து வருஷத்துக்கு அப்பாலுள்ள ஒரு மூச்சு, வெறும் அனுமானம். பசி எப்போதும் பிரத்யட்சத்தின் கட்சி. மேலும், தண்ணீர்க் குழாயை வைப்பதா வேண்டாமா என்ற தேர்வு அந்த வாலிபருடையதாக ஒருபோதும் இருந்ததில்லை. ஹாக்ஸ் நெஸ்டிலும் அது துளை போட்டவனுடையதாக இருக்கவில்லை. தூசி புகுவதற்கும் மூச்சு அடங்குவதற்கும் நடுவிலுள்ள இடைக்காலம் இயற்கையின் விதிதான். நுரையீரல் மெதுவாக அழிவது எவருடைய சதியுமல்ல. ஆனால் அந்த மெத்தனத்தை அநுகூலமாக்கிக்கொண்டவர்கள் மனிதர்கள். விபத்தில் இறந்தவனின் ரத்தம் அந்த இடத்திலேயே கிடக்கும். எஜமானன் அதைத் தாண்டித்தான் நடக்கவேண்டும். தூசியில் இறப்பவன் தன் மரணத்தைத் தானே சுமந்து, பஸ் ஏறி, சொந்தச் செலவில் ஊருக்குக் கொண்டுபோய்விடுகிறான்.

1995இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2030க்குள் சிலிகோசிஸை உலகத்திலிருந்தே ஒழிப்பது என்று சங்கற்பம் செய்துகொண்டன. மருந்து கண்டுபிடிக்கவேண்டிய நோயாக இருந்தால் அந்த வருஷம் நெருங்குவதைப் பார்த்து விஞ்ஞானத்தை நொந்துகொள்ளலாம். இதற்கு மருந்து இல்லை. ஆனால் தடுப்பு, தண்ணீரும் காற்றை உறிஞ்சும் விசிறியும் அளவு பார்க்கும் கருவியுமாக, நூறு வருஷமாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ராமாஸ்ஸீனியின் கேள்வி மகத்தானது. ஆயினும் அது நோயாளியின் கட்டிலருகே, எல்லாம் முடிந்துபோன இடத்தில் கேட்கப்படுகிற கேள்வி. கேட்கப்பட்ட போதெல்லாம் நோயாளி உண்மையான பதிலைத்தான் சொல்லிவந்திருக்கிறான்: கல் உடைத்தேன், கரி வெட்டினேன், பஞ்சு பிரித்தேன், மணல் அடித்தேன். முந்நூறு ஆண்டுகளாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பவனிடமே மறுபடியும் மறுபடியும் சாட்சியம் கேட்பது தர்மமாகாது. கேள்வி இனி வேலை தொடங்குகிற இடத்துக்குப் போகவேண்டும். அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் வேலை கொடுக்கிறவர்களும், அனுமதி கொடுக்கிற அரசாங்கமும், அந்தக் கல்லையும் துணியையும் விலைக்கு வாங்குகிற நாமும்: இன்று இங்கே காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது, அதை அளந்தவர் யார், தண்ணீர் ஏன் திறந்திருக்கவில்லை? மரணம் புகுகிற திதி இறந்தவனுக்கு வேண்டுமானால் தெரியாமலிருக்கட்டும். அந்தத் தூசியை அளந்து எழுதிவைக்கிற பதிவேட்டில் அது ஒவ்வொரு நாளும் தேதி போட்டு எழுதப்படக்கூடியதுதான். எழுதப்படுகிற இடத்தில் அதற்கு ஒரு பொறுப்பாளியும் இருப்பான்.